வெயில், தோல், கடைசி ஆக்சிஜன்

செட்டிநாட்டின் கண்டனூரில் ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகலில் நிழல் காலடிக்குள்ளேயே அடங்கிவிடும். ஏப்ரல் நடுவில் ஒருமுறை, ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஒருமுறை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து பாகையில் இருப்பதால் வரும் பலன் அது. மார்கழியில் சூரியன் எவ்வளவுதான் தெற்கே சாய்ந்தாலும், ஐந்தரை அடி ஆளின் நண்பகல் நிழல் நாலு அடியைத் தொடாது. அப்படி மிகவும் சாய்ந்த நாளில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் அதே ஆள் நின்றால் நண்பகல் நிழல் இருபத்திரண்டு அடி நீளும்.

இந்த நிழல் கணக்கிலிருந்து நிணநீர் மண்டலத்துப் புற்றுநோயான லிம்போமா வரைக்கும் ஒரு பாதை போகிறது. தோல், கல்லீரல், சிறுநீரகம், வெள்ளணு என்று உடம்பின் பல வாசல்களைக் கடக்கும் பாதை. அதில் பயணம் செய்வது ஒரே ஒரு சின்ன மூலக்கூறு: வைட்டமின் டி.

முதலில் நிழலைப் பார்ப்போம். சூரியன் சாயச் சாய, ஒளி காற்று மண்டலத்துக்குள் ஓட வேண்டிய தூரம் கூடுகிறது. கூடவே ஓசோன் படலத்தைக் கடக்கும் தூரமும் கூடுகிறது. ஓசோன் முக்கியமாக வடிகட்டுவது புறஊதாக் கதிரின் ஒரு பகுதியை. அதன் பெயர் புறஊதா-பி. அலைநீளம் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பகுத்தால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். தோலில் வைட்டமின் டி உண்டாக வேண்டுமானால் இந்தக் கதிர்தான் வேண்டும், வேறு எந்த ஒளியும் உதவாது. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் இது தாராளமாகத் தரைக்கு வருகிறது. நிழல் நம்மைவிட நீண்டுவிட்டால் வரத்து சட்டென்று சுருங்கிவிடும். கண்டனூரில் ஆண்டின் எல்லா நாளும் நண்பகல் இந்தத் தேர்வில் தேறிவிடுகிறது. அமெரிக்காவின் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றாலும் தோல் இந்த வைட்டமினைத் தயாரிப்பதில்லை என்று 1988இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பேரப்பிள்ளையைப் பார்க்க ஐப்பசியில் பாஸ்டனுக்குப் போய் மாசியில் திரும்பும் செட்டிநாட்டு ஆச்சிக்கு, அந்த நாலு மாதமும் உடம்பில் இருந்த சேமிப்புதான் கைகொடுத்திருக்கும்.

அப்படியானால் நம் ஊரில் யாருக்கும் குறையே இருக்கக்கூடாது. இருக்கிறது, நிறையவே இருக்கிறது. கண்டனூரை ஒட்டியுள்ள புதுவயலில் அரிசி ஆலைகள் வரிசையாக நிற்கின்றன. களத்தில் நெல்லைக் காயவைத்துக் காலால் கிளறிவிடும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. வெயிலைத் தாங்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. ஆனால் புறஊதா-பி துணியைத் தாண்டித் தோலை அடைவது சொற்பம். வீட்டிலும் கடையிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களுக்கு அந்தச் சொற்பமும் கிடைப்பதில்லை. வளவு முற்றத்தில் வானத்திலிருந்து நேரே விழும் வெயிலுக்கும், பழைய வீடுகளின் வண்ணக் கண்ணாடி வழியாக உள்ளே வரும் வெயிலுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், புறஊதா-பியை மட்டும் ஏறக்குறைய முழுதாக நிறுத்திவிடும்.

நம் தோலின் நிறமும் ஒரு காரணம். மெலனின் என்னும் கருநிறமி புறஊதாக் கதிரை உறிஞ்சி, தோலின் மரபணுக்களைக் காப்பாற்றுகிறது. அந்தக் காவலுக்கு ஈடாக, வெளுத்த தோலுக்கு வேண்டியதைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நேரம் நமக்கு வெயில் தேவைப்படுகிறது. நேரம் எது என்பதிலும் நாம் ஏமாந்துபோகிறோம். காலை இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்று காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறோம். திருப்பதியில் சி. வி. ஹரிநாராயண் குழுவினர், தோலில் உள்ள அதே மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து, காலையிலிருந்து மாலைவரை மணிக்கு மணி வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். மாற்றம் மிகுதியாக நடந்தது காலை 11 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில். நாம் வெயிலை விட்டு ஓடி ஒளியும் நேரம் அது. இளவெயில் இதமானது, தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது. வைட்டமின் டி தயாரிக்க அதற்குப் பலம் போதாது.

சரி, உச்சிவெயில் தோலில் பட்டால் என்ன நடக்கிறது? கொலஸ்ட்ரால் என்றாலே பயப்படப் பழகிவிட்டோம். அந்தக் கொலஸ்ட்ராலுக்கு முந்தைய படியில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள்தான் தோலில் காத்திருக்கிறது. அதன் உடம்பு நான்கு வளையங்கள் ஒட்டிய அமைப்பு. புறஊதா-பி கதிர் ஒன்று வந்து மோதினால் இரண்டாவது வளையம் அறுந்து திறந்துகொள்கிறது. உண்டானது முன்வைட்டமின். அடுத்த வேலையை ஒளி செய்வதில்லை, உடம்பின் சூடு செய்கிறது. சில மணி நேரத்தில் அந்த மூலக்கூறு தன்னைத்தானே முறுக்கித் திருப்பிக்கொண்டு வைட்டமின் டி-3 ஆகிறது. திரும்பியதும் அதன் வடிவம் செல்லின் சவ்வில் பொருந்தாமல் போக, அங்கிருந்து நழுவி ரத்தத்துக்கு வந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். நாள் முழுவதும் வெயிலில் கிடப்பவருக்கு வைட்டமின் டி அளவுக்கு மீறி நஞ்சாக வேண்டும் அல்லவா? ஆவதே இல்லை. முன்வைட்டமினின் மீது இன்னும் வெயில் பட்டால் அது லூமிஸ்டிரால், டாக்கிஸ்டிரால் என்ற வேறு இரண்டு பொருள்களாகத் திசைமாறிவிடுகிறது. அவற்றுக்கு வைட்டமினின் வேலை தெரியாது. இதனால் தோலில் உள்ள மூலப்பொருளில் பத்து, பதினைந்து சதவீதத்துக்கு மேல் முன்வைட்டமினாகத் தேங்குவதில்லை. உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் அதே கதிர், உற்பத்திக்கு அணையும் கட்டுகிறது. மாத்திரைக்கும் ஊசிக்கும் இந்த அணை கிடையாது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோலில் உண்டானது ரத்தத்தில் பயணிக்கிறது என்பதை முதலில் காட்டியவர் பெர்லின் மருத்துவர் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி. 1919இல், எலும்பு வளைந்துபோன ரிக்கெட்ஸ் குழந்தைகளுக்குப் பாதரச விளக்கின் புறஊதா ஒளியைப் பாய்ச்சினார். ஒரு கைக்கு மட்டும் ஒளி கொடுத்தபோது இரண்டு கைகளின் எலும்புகளும் தேறின. ஒளி படாத கைக்கு மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது யார்? ரத்தம்தான். இந்தப் பொருள்களின் வேதியியலை அவிழ்த்ததற்காக அடால்ஃப் விண்டாவுஸுக்கு 1928இல் நோபல் பரிசு கிடைத்தது.

ரத்தத்துக்கு வந்த வைட்டமின் டி இன்னும் வேலைக்கு ஆகாத சரக்குதான். அறுத்து வந்த நெல்லை அப்படியே உலையில் போட முடியாது. அவிக்க வேண்டும், பிறகு அரைக்க வேண்டும். இங்கேயும் இரண்டு படிகள். கல்லீரல் அந்த மூலக்கூறின் ஒரு முனையில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் சேர்த்து, கால்சிடையால் என்ற பொருளாக்குகிறது. இது அவித்த நெல். இரண்டு, மூன்று வாரம் ரத்தத்தில் தங்கியிருக்கும். ஆய்வகத்தில் ‘வைட்டமின் டி டெஸ்ட்’ என்று அளப்பது இதைத்தான். பிறகு சிறுநீரகம் இன்னொரு முனையில் இன்னோர் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. இப்போது அது கால்சிட்ரையால், அதாவது அரிசி. உடம்புக்குள் உத்தரவு போடும் சக்தி இதற்குத்தான் உண்டு. இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கடைசி ஆக்சிஜனைச் சுற்றியே போகப்போகிறது.

அளவுகளைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். ஆரோக்கியமான ஒருவரின் ரத்தநீர் முழுவதிலும் உள்ள கால்சிடையாலைத் திரட்டினால் சுமார் நூறு மைக்ரோகிராம் தேறும். ஓர் அரிசியை இருநூறு துண்டாக்கினால் அதில் ஒரு துண்டின் எடை. கால்சிட்ரையால் அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு கொஞ்சம் இருந்துகொண்டு அது நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்குகிறது. செல்லுக்குள் நுழைந்து, வைட்டமின் டி ஏற்பி என்ற புரதத்தில் போய் உட்காருகிறது. அந்தப் புரதம் இன்னொரு புரதத்தோடு ஜோடி சேர்ந்து டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடங்களைப் பற்றிக்கொண்டு, இந்த மரபணுவைத் திற, அந்த மரபணுவை அடக்கு என்கிறது. குடலில் கால்சியத்தை உறிஞ்சச் சொல்வது அதன் பழைய, பேர்போன வேலை. கால்சிட்ரையால் கூடிவிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆபத்தாகும் என்பதால், பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் சிறுநீரகத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தேவைக்கு மேல் ஒரு பிடி அரிசியும் ஆலையிலிருந்து வெளியே போகாது.

எலும்புக்கும் குடலுக்கும் சேதி சொல்லும் பொருளுக்கு வெள்ளணுக்களிடம் என்ன வேலை? 1983இல் ஆய்வாளர்கள் மனித லிம்போசைட்டுகளை ஆராய்ந்தார்கள். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகை அவை. லிம்போமா பிறப்பது இவற்றிலிருந்துதான். சும்மா இருக்கும் லிம்போசைட்டில் வைட்டமின் டி ஏற்பி இல்லை. கிருமியைக் கண்டு கிளர்ந்தெழுந்த லிம்போசைட்டில் இருந்தது! போருக்குக் கிளம்பும்போது மட்டும் அந்தச் செல் ஏற்பியைத் தயாரித்து மாட்டிக்கொள்கிறது. 2010இல் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள்: லிம்போசைட்டில் ‘டி’ (T) என்ற வகை முழு வேகம் எடுக்க வேண்டுமானால் அந்த ஏற்பியில் வைட்டமின் வந்து உட்கார வேண்டும்.

அதற்கு முன்பே, 1981இல், ஒரு நோயாளி மருத்துவ உலகைத் திகைக்க வைத்திருந்தார். அவருக்கு வேலை செய்யும் சிறுநீரகமே இல்லை. ஆகவே கால்சிட்ரையாலும் இருக்க வழியில்லை என்று பாடநூல் சொன்னது. அவர் ரத்தத்திலோ அது அளவுக்கு மீறி இருந்தது, கால்சியமும் ஏறிக் கிடந்தது. அவருக்கு சார்கோய்டோசிஸ் என்ற அழற்சி நோய் இருந்தது. அந்த நோயில் பெருவிழுங்கிகள் கூட்டங்கூட்டமாகச் சேர்ந்து கட்டி கட்டியாகத் தங்கிவிடும். கிருமிகளையும் செத்த செல்களையும் விழுங்கித் தீர்க்கும் வெள்ளணுக்களே பெருவிழுங்கிகள். கடைசி ஆக்சிஜனைச் சேர்த்தது அவைதான். ஊருக்கெல்லாம் அரைத்துத் தரும் ஆலை சிறுநீரகம் என்றால், இவை தங்கள் வீட்டு உரலிலேயே குத்திக்கொள்கின்றன. ஆலைக்குக் காவல் இருக்கும் பாராதைராய்டு ஹார்மோனின் பேச்சு இந்த உரலிடம் எடுபடாது.

உரலில் குத்துவது எதற்காக? 2006இல் வந்த விடை நம் நாட்டுக்கு நெருக்கமானது. காசநோய்க் கிருமியை அடையாளம் கண்ட பெருவிழுங்கி இரண்டு காரியங்களைச் செய்கிறது: வைட்டமின் டி ஏற்பியைக் கூட்டுகிறது, கடைசி ஆக்சிஜனைச் சேர்க்கும் நொதியையும் கூட்டுகிறது. ரத்தத்திலிருந்து கால்சிடையாலை வாங்கித் தனக்குள்ளேயே கால்சிட்ரையாலாக்குகிறது. அதன் உத்தரவில் கேத்தலிசிடின் என்ற சிறு புரதம் தயாராகிறது. கிருமியின் சவ்வைக் கிழிக்கும் ஆயுதம் அது. ரத்தத்தில் கால்சிடையால் குறைந்தவரின் ரத்தநீரில் பெருவிழுங்கிகளை வைத்தபோது ஆயுத உற்பத்தி மந்தமாக இருந்தது; வைட்டமினைச் சேர்த்ததும் தேறியது. மருந்துகள் வராத காலத்தில் காசநோயாளிகளை வெயில் காயச் சொன்னதற்குப் பின்னால் இப்படி ஓர் இயந்திரம் இருந்திருக்கிறது என்று நினைக்கும்போது வியப்பு அடங்குவதில்லை.

காசநோயும் லிம்போமாவும் நம் ஊரில் வேறொரு விதத்திலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது, மாலையானால் காய்ச்சல், இரவில் வியர்வை, உடம்பு இளைக்கிறது. இரண்டு நோய்க்கும் இதே அடையாளங்கள். கழுத்தில் மாலைபோலக் கட்டி வரும் காசநோயை நம் முன்னோர் கண்டமாலை என்றார்கள். காசநோய் மலிந்த நாட்டில் மருத்துவரின் முதல் சந்தேகம் அதன்மேல் போவது இயல்பு. ஆனால் காசநோய் மருந்து தின்றும் கட்டி கரையவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. கட்டியிலிருந்து திசு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் வழக்கைத் தீர்க்கும்.

லிம்போமா ஒரே நோய் இல்லை. 1832இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் தாமஸ் ஹாட்ஜ்கின் விவரித்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது. மற்றவற்றை ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா என்கிறோம்; அதற்குள் பல பத்து வகைகள். சில ஆண்டுக்கணக்கில் மெல்ல நகரும், சில வாரங்களில் பெருகும். பெருகும் வகைகளில் அதிகம் காணப்படுவது, ‘பி’ (B) வகை லிம்போசைட்டில் பிறக்கும் பெரிய பி-செல் லிம்போமா. நல்ல செய்தி என்னவென்றால், பெருகும் வகைகளிலேயே பலவற்றை மருந்தால் முழுக்கக் குணப்படுத்த முடிகிறது. 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் நிலையம் திறந்தபோது இப்படிச் சொல்ல முடிந்திருக்காது. அந்த நிலையத்தை எழுப்பிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது கண்டனூருக்கு வடக்கே உள்ள புதுக்கோட்டையில். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். புற்றுநோய் வந்தால் அவ்வளவுதான் என்று பலரும் கைவிட்டிருந்த நாளில், அதற்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று போராடினார்.

இனி வைட்டமினும் லிம்போமாவும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். 2010இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக், அயோவா பல்கலைக்கழக மருத்துவர்கள், ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா புதிதாகக் கண்டறியப்பட்ட 983 பேரின் ரத்தத்தை அளந்தார்கள். 44 சதவீதத்தினருக்குக் கால்சிடையால் மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குக் கீழே இருந்தது. பெரிய பி-செல் லிம்போமா உள்ளவர்களில், குறைவுள்ளவர்களின் மரண அபாயம் மற்றவர்களைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2019இல் ஜெர்மனியில் 351 ஹாட்ஜ்கின் நோயாளிகளின் சேமித்து வைத்த ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்குக் கடும் குறைவு. பத்து ஆண்டுக் கணக்கில் அவர்களில் உயிரோடிருந்தவர்களின் விகிதம் சுமார் 11 சதவீதப் புள்ளி தாழ்ந்திருந்தது. இரு நாடுகள், வெவ்வேறு லிம்போமா, ஒரே திசை.

இந்த வரிசையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது 2014இல் வந்த ஜெர்மன் ஆய்வு. அதைப் புரிந்துகொள்ள ரிட்டுக்சிமாப் என்ற மருந்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1997இல் அனுமதி பெற்ற இது, ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புரதம். பி லிம்போசைட்டின் மேற்பரப்பில் சிடி20 என்றொரு குறி இருக்கும். ரிட்டுக்சிமாப் அந்தக் குறியைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்கிறது. கொல்லும் வேலையில் பெரும்பங்கை அது பிறரிடம் விடுகிறது. அதன் வால் பகுதியைப் பார்த்து நோயாளியின் சொந்த வெள்ளணுக்கள், அதாவது இயற்கைக் கொல்லி செல்களும் பெருவிழுங்கிகளும், ஓடிவந்து அந்தச் செல்லைத் தீர்க்கின்றன. ஆக, மருந்து எவ்வளவு வேலை செய்யும் என்பது அதை ஏற்றிக்கொண்டவரின் வெள்ளணுக்களின் சுறுசுறுப்பையும் பொறுத்தது.

வேகமாகப் பெருகும் பி-செல் லிம்போமா வந்த, அறுபதைத் தாண்டிய நோயாளிகளுக்கு ஜெர்மனியில் நடந்த பெரிய சோதனைதான் அந்த ஆய்வுக்கு அடிப்படை. அதில் சிலருக்குக் கீமோதெரபி மட்டும், சிலருக்கு அதனோடு ரிட்டுக்சிமாப். ரிட்டுக்சிமாப் பெற்றவர்களில், வைட்டமின் டி மிகக் குறைந்தவர்களில் மூன்று ஆண்டுக்குப் பிறகு நோய் முற்றாமல், திரும்பாமல் உயிரோடிருந்தவர்கள் 59 சதவீதம். குறையாதவர்களில் 79 சதவீதம். ரிட்டுக்சிமாப் பெறாதவர்களிடம் அப்படிக் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. துப்பறியும் கதையில் வருவதுபோல ஒரு தடயம் இது: வைட்டமின் குறைந்தால் கெடுவது கீமோதெரபியின் வேலை இல்லை, வெள்ளணுக்களை நம்பியிருக்கும் மருந்தின் வேலை என்று கை காட்டுகிறது. சோதித்துப் பார்க்க, வைட்டமின் டி குறைந்த ஏழு பேரின் வெள்ளணுக்களை எடுத்து, ரிட்டுக்சிமாபோடு லிம்போமா செல்களுக்கு எதிரே விட்டார்கள். பிறகு அந்த ஏழு பேருக்கும் வைட்டமின் கொடுத்து அளவைச் சரிசெய்து, மறுபடியும் அதே சோதனை. ஏழு பேரிடமும் கொல்லும் திறன் கூடியது.

மறு ஆண்டு ஜெர்மனியின் எர்லாங்கன் நகர ஆய்வாளர்கள் பெருவிழுங்கியின் உரலுக்கே போய்விட்டார்கள். வேகமாகப் பெருகும் பி-செல் லிம்போமாக் கட்டிக்குள் குடியிருக்கும் பெருவிழுங்கிகளிடம் கடைசி ஆக்சிஜனைச் சேர்க்கும் நொதி ஒடுங்கிக் கிடந்தது. கேத்தலிசிடினும் இல்லை. வைட்டமின் டியைக் கொடுத்துத் தட்டியெழுப்பியதும் கேத்தலிசிடின் சுரந்தது, லிம்போமா செல்கள் செத்தன. காசநோய்க் கிருமிக்கு எடுத்த அதே ஆயுதம்! அது போய்த் தாக்கிய இடம் லிம்போமா செல்லின் மைட்டோகாண்ட்ரியா, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் உறுப்பு. மைட்டோகாண்ட்ரியாவின் மூதாதை, நூற்றைம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இன்னொரு செல்லுக்குள் குடிபுகுந்த ஒரு பாக்டீரியா. பாக்டீரியாவைக் கிழிக்கப் பிறந்த புரதம் அந்தப் பழைய உறவை இன்னும் அடையாளம் கண்டுகொள்கிறதோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

இத்தனையும் படித்த பிறகு, லிம்போமாவுக்கு வைட்டமின் டி கொடுத்தால் போதுமே என்று தோன்றும். இங்கேதான் நிதானம் வேண்டும். நோய் முற்றியவர் வெளியே நடமாடுவதில்லை, சாப்பாடு இறங்குவதில்லை, உடம்பில் அழற்சி கூடிக் கிடக்கிறது. இவை ஒவ்வொன்றும் கால்சிடையாலைக் குறைக்கும். அப்படியானால் குறைவு என்பது நோய் மோசமாக இருப்பதன் காரணமா, அடையாளமா? ரத்தத்தை அளந்து பார்க்கும் ஆய்வுகள் எத்தனை நடந்தாலும் இதற்கு விடை சொல்லா. சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வைட்டமினும் மற்றவர்களுக்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அமெரிக்காவில் மெல்ல நகரும் லிம்போமாவுக்கு ரிட்டுக்சிமாப் பெற்றவர்களிடம் அப்படி ஒரு சோதனை நடந்தது. நாளுக்கு 2000 யூனிட், மூன்று ஆண்டு. வைட்டமின் எடுத்தவர்களுக்குக் கூடுதல் நன்மை தெரியவில்லை. ஆரோக்கியமான 25,871 பேரை வைத்து நடந்து 2018இல் முடிவு வெளியான இன்னொரு பெரிய சோதனையிலும் வைட்டமின் டி மாத்திரை புற்றுநோய் வராமல் தடுக்கவில்லை.

எனக்கு இது ஏமாற்றமாகப் படவில்லை. ஏற்கெனவே போதிய அளவு உள்ளவருக்கு இன்னும் ஊற்றினால் என்ன கூடிவிடும்? 2014 ஜெர்மன் ஆய்வில் வித்தியாசம் தெரிந்தது மில்லிலிட்டருக்கு 8 நானோகிராம் என்ற அடிமட்டத்துக்கும் கீழே இருந்தவர்களிடம். அப்படி வறண்டுபோனவர்களை மட்டும் சேர்த்து, வேகமான லிம்போமாவில் பெரிய அளவில் சோதித்தால் விடை வேறாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வெயிலைப் பற்றியும் ஒரு விசித்திரம் உண்டு. ஆஸ்திரேலியாவில், வெயில் தோல் புற்றுநோயைத் தருவதுபோல லிம்போமாவையும் தரும் என்ற சந்தேகத்தோடு ஆராயப் புகுந்தவர்கள் நேர் எதிரானதைக் கண்டார்கள். பல நாடுகளின் பத்து ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் பார்த்தபோது, ஓய்வு நேரத்தில் வெயிலில் அதிகம் இருந்தவர்களுக்கு ஹாட்ஜ்கின் அல்லாத லிம்போமா சுமார் கால்வாசி குறைவாக வந்திருந்தது. ஆனால் நோய் வருமுன்னரே எடுத்துவைத்த ரத்தத்தை அளந்த இன்னொரு தொகுப்பு, வைட்டமின் அளவுக்கும் நோய் வருவதற்கும் தொடர்பு காணவில்லை. வெயில் வேறு ஏதோ வழியிலும் வெள்ளணுக்களோடு பேசுகிறது போலும்.

கடைசி ஆக்சிஜனுக்கு ஆபத்தான முகம் ஒன்று உண்டு. 1984இல் அமெரிக்க மருத்துவர்கள் மூன்று லிம்போமா நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். மூவருக்கும் ரத்தத்தில் கால்சியம் ஏறியிருந்தது, கால்சிட்ரையாலும் ஏறியிருந்தது. கட்டிக்குள்ளேயே உரல் ஓய்வில்லாமல் இடித்துக்கொண்டிருந்தது. குத்திய அரிசி கட்டிக்குள் தங்காமல் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பாராதைராய்டு ஹார்மோன் தன் பங்குக்குச் சுருங்கி அடங்கியும் பயனில்லை, அதன் பேச்சைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி, அசதி, மனக்குழப்பம் ஆகியவை கால்சியம் ஏறுவதன் அறிகுறிகள். இந்த நிலையில் உள்ளவருக்கு வைட்டமின் டி கொடுப்பது ஓயாத உரலில் இன்னும் நெல்லைக் கொட்டுவதாகும். ஒரே நோயின் பெயர், ஒரே வைட்டமின். ஒருவருக்கு அது தேவை, இன்னொருவருக்கு அதுவே கேடு.

மருந்துக் கடையில் கிடைக்கும் 60,000 யூனிட் பொட்டலத்தில் உள்ள வைட்டமின் ஒன்றரை மில்லிகிராம். இரண்டு மூன்று சர்க்கரைப் பரல்களின் எடை. பார்வைக்கு அற்பம். நாளொன்றுக்கு வேண்டியது 600 யூனிட் என்று வைத்தால் நூறு நாளுக்கான அளவு அது. வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்ததை நாள் ஒன்றாக எடுத்தாலோ, 6 லட்சம் யூனிட் ஊசியை எண்ணிக்கை இல்லாமல் போட்டுக்கொண்டாலோ, தோலில் இருக்கும் அந்த அணை இங்கே இல்லை. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் உடம்பிலேயே தங்கிவிடும், வெளியேற மாதங்கள் ஆகும்.

லிம்போமா சிகிச்சையில் பலருக்கும் தரப்படும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் பாருங்கள், இந்தக் கதையின் எல்லா முடிச்சும் அதில் சேர்ந்திருக்கிறது. அது லிம்போமா செல்களைக் கொல்கிறது. பெருவிழுங்கிகளின் நொதியை அடக்கி, ஏறிய கால்சியத்தை இறக்குகிறது. அதே சமயம் எலும்பை அரிக்கவும் செய்கிறது. எலும்பைக் காப்பாற்ற, வைட்டமின் டி குறைந்தவருக்கு அதைச் சரிக்கட்ட வேண்டும். லிம்போமாவைக் குணப்படுத்துமா என்ற கேள்வி தீராவிட்டாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே அளவைப் பார்த்துக் குறையை நிரப்புவது நியாயம் என்பது என் எண்ணம். பார்க்கும்போது வைட்டமின் அளவை மட்டும் தனியாகப் பார்க்கக் கூடாது. கால்சியத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கால்சியம் ஏறியிருந்தால் மருத்துவர் கால்சிட்ரையாலையும் பாராதைராய்டு ஹார்மோனையும் அளக்கச் சொல்வார். கண்டனூரிலிருந்து மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ அடையாறுக்கோ சிகிச்சைக்குப் போகிறவர்கள் வீட்டில் உள்ள வைட்டமின் பொட்டலம், கால்சியம் மாத்திரை, லேகியம், உள்ளூரில் போட்ட ஊசியின் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று, சிகிச்சை தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.